வாசல் பாத்தியில் மாற்றி நட்ட செடி தேறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, காம்பவுண்டு சுவரை ஒட்டி எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம். நம் ஊர்த் தனிவீடுகளில் வாசல் பாத்தி என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். நர்சரியில் வாங்கிய இட்லிப்பூ, கொல்லையிலிருந்து பெயர்த்து வந்த செம்பருத்தி, பக்கத்து வீட்டில் பிரித்துக் கொடுத்த கல்வாழைக் கிழங்கு, நந்தியாவட்டை, கனகாம்பரம், ஓரத்துக்கு ரெயின் லில்லி என்று பல வருடம் நிற்கும் செடிகளாகப் பார்த்து நட்டாயிற்று. முதல் வாரம் எல்லாம் பச்சையாக நிற்கும். மூன்றாவது வாரம் ஒன்று தொங்கும், ஒன்று மஞ்சளடிக்கும், ஒன்று நட்ட அன்றிருந்த அதே நான்கு இலையோடு அப்படியே நிற்கும். கை உடனே உரப் பொட்டலத்துக்குப் போகும்.

போகக் கூடாது. பெயர்த்து நட்ட செடிக்கு வேர் பாதிதான் இருக்கிறது. அந்த நேரத்தில் போடும் யூரியாவும் டி.ஏ.பி.யும் மிச்ச வேரையும் பொசுக்கிவிடும். நட்ட முதல் 30 நாளைக்கு ரசாயன உரம் எதுவும் வேண்டாம். குறை இலையில் தெரிந்தாலும், காரணம் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கிறது.

முதலில் தோண்டிப் பாருங்கள்

ஒரு நீள ஸ்குரூடிரைவரைத் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் குத்துங்கள். ஆறு அங்குலம் சுலபமாக இறங்க வேண்டும். இரண்டு அங்குலத்தில் நின்றால் கீழே கல்லோ, காய்ந்த களிமண்ணோ, வீடு கட்டியபோது கொட்டிய கலவையோ இருக்கிறது. வெளியே எடுத்து முகர்ந்தும் பாருங்கள். மழை மண் வாசம் வந்தால் நல்லது, சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகுகிறது.

சுவரோரத்து மண்ணில் ஒரு கரண்டி எடுத்து வெயிலில் உலர்த்தி, அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். சோடா மாதிரி நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த மண். இந்தச் சோதனை மஞ்சள் இலைக்குப் பதில் சொல்லும்.

மூன்றாவது சோதனைக்குப் பாதி நாள் ஆகும். செடி இல்லாத இடத்தில் ஓரடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் கவலையில்லை. அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்தப் பாத்தி ஒரு தொட்டி.

மதியம் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். பாதி வேரால் உச்சி வெயிலுக்கு ஈடுகொடுத்து நீர் ஏற்ற முடியாமல் செடி இலையைத் தொங்க விடுகிறது. மேற்குப் பக்கம் இரண்டு குச்சி நட்டு ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டுங்கள். பத்து நாளில் எடுத்துவிடலாம். மதியம் தொங்குவதைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டுத்தான் பல செடிகள் சாகின்றன.

விடியற்காலையிலும் தொங்குகிறது

இதுதான் உண்மையான ஆபத்து. இதற்கு இரண்டு காரணம் உண்டு. வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

*வேர்ப்பந்து உள்ளே காய்ந்திருப்பது.* ஆந்திராவில் ராஜமுந்திரிப் பக்கம் உள்ள கடியம் நாற்றுப்பண்ணைகளிலிருந்து லாரி ஏறி வரும் செடிகளில் நிறைய, களிமண் உருண்டையோடு வரும். வழியில் மண் உதிராமலிருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த உருண்டையை அப்படியே பொலபொலப்பான மண்ணுக்குள் வைத்தால், ஊற்றும் தண்ணீர் இளகிய மண் வழியாக ஓடிவிடும், உருண்டைக்குள் போகாது. பாத்தி ஈரமாகத்தான் தெரியும். தண்ணீர் விட்டுக் கால் மணி கழித்து உருண்டையின் ஓரத்தைக் கத்தியால் ஒரு சீவு சீவிப் பாருங்கள். வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே வெளிறிய பொடி என்று தெரிந்தால் இதேதான்.

செடியைத் தூக்காமல் சரிசெய்ய, பழைய குடைக் கம்பியால் உருண்டையில் ஆறேழு இடத்தில் அரையடி ஆழத்துக்குத் துளை போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, தண்டுக்குப் பக்கத்தில் தலைகீழாகச் செருகுங்கள். அது காலியாக அரை மணிக்குக் குறையாமல் ஆக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் களிமண் நெகிழும்.

நட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் தூக்கிவிடுவதே மேல். உருண்டையை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை, சுமார் அரை மணி, ஊறப்போடுங்கள். வெளிப்பக்கக் களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கை விரலால் கரைத்து எடுங்கள். வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேரை மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் வளர்த்த செடியில் அந்தச் சுருளை விட்டுவைத்தால் இரண்டு வருடம் கழித்தும் வேர் அதே வட்டத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நட்டபின் இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரியுங்கள்.

*வேர் அழுகியிருப்பது.* மண் ஈரம், ஆனாலும் இலை தொங்கல். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறை மாதிரிக் கழன்று வரும். உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். நல்ல வேர் வெள்ளையாக, ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும். தண்ணீரை நிறுத்துங்கள். அழுகியதைக் கத்தரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, செடிக்கு ஒரு லிட்டர் வீதம் வேரில் ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடுவதானால் 15 நாள் விட்டுப் போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

பாத்தியே தொட்டியாக இருந்தால் மருந்தால் பயனில்லை. போர்டிகோ தளத்தின்மேல் செங்கல் வைத்துக் கட்டிய பாத்திகளில் பலவற்றுக்கு வடிகால் துளையே இருக்காது. முன்சுவரில் தரைமட்டத்தில் இரண்டடிக்கு ஒன்றாக ஓரங்குலத் துளை போட்டு, உட்பக்கம் வாய்க்கு ஒரு கைப்பிடி ஜல்லி வையுங்கள். பாத்தியின் அடி முழுக்க ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்று சொல்பவர்கள் உண்டு. வடியாது. மேலிருக்கும் மண் முற்றிலும் ஊறித் ததும்பினால்தான் நீர் ஜல்லிக்குள் இறங்கும். அதுவரை அடிமண் சதசதவென்றே நிற்கும், ஆழமும் நான்கு அங்குலம் வீணாகும்.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இட்லிப்பூவில் அடிக்கடி பார்ப்பது, செம்பருத்தியிலும் வரும். புதிதாக விரியும் இலை எலுமிச்சை நிறத்தில் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோலமாகத் தெரியும். இது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. சுவர் பூசியபோது சிந்திய சிமெண்ட், வெள்ளையடித்த சுண்ணாம்பு, புதைத்துவிட்ட இடிபாடு எல்லாம் சேர்ந்து மண்ணைக் காரமாக்கிவிடுகின்றன. இட்லிப்பூவோ புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில், வளரும் செடி. சுவரை ஒட்டி நட்டது மஞ்சளாகவும், இரண்டடி தள்ளி நட்டது பச்சையாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கைவைத்தியம் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், தட்டின டீஸ்பூனால் ஒன்று. அரை எலுமிச்சம்பழச் சாற்றை முதலில் தண்ணீரில் விட்டுவிட்டு அப்புறம் கரையுங்கள். அன்னபேதி வெளிர்பச்சைக் கற்கண்டாக இருக்க வேண்டும். பழுப்புப் பொடியாக மாறியிருந்தால் அது துருவேறிவிட்டது, செடிக்கு உதவாது. கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்தபின், இலையின் இருபுறமும் படத் தெளியுங்கள். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. பின்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் புதுக் கொழுந்து பச்சையாக வரும். முற்றிய மஞ்சள் இலை முழுவதும் திரும்பாது. அதைப் பார்த்து 'கேட்கவில்லை' என்று அளவைக் கூட்டினால் இலை கருகும்.

ஆனால் இது வெறும் மேல்பூச்சு. மண் வினிகருக்கு நுரைக்கிற வரை மஞ்சள் திரும்பத் திரும்ப வரும். சுவரோரம் ஓரடி அகலம், ஓரடி ஆழம் மண்ணை எடுத்துவிட்டுச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு நிரப்புவதுதான் நிரந்தர வழி. எம்-சாண்ட் என்றால் கழுவிப் போடுங்கள், அதிலுள்ள கல்மாவு மண்ணை இறுக்கும். இவ்வளவு வேலை முடியாது என்றால் அந்த இடத்தில் இட்லிப்பூவைப் பிடிவாதமாக வைத்திருக்காமல் அரளிக்கு மாறுங்கள். அரளியின் எல்லாப் பாகமும் விஷம். வாயில் எதையும் போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதை வாளியில் பிடித்து இட்லிப்பூவுக்கு ஊற்றலாம்.

அடியிலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது

நட்ட மூன்று வாரத்துக்குள் என்றால் செடி சுமையைக் குறைத்துக்கொள்கிறது, விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் தழைச்சத்துக் குறை. செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். அடியிலையில் நரம்புக்கு இடையே மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளியுங்கள்.

இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளை பூக்கிறது

போர் தண்ணீரின் உப்பு. கடலோர ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் இது கூடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது நிலைமையைக் கெடுக்கும்: நீர் ஆவியாகி உப்பு வேர்மட்டத்திலேயே தங்கிவிடும். தெளிப்பதை நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் 20 சதுர அடிப் பாத்திக்குச் சுமார் 100 லிட்டர், 15 லிட்டர் வாளியில் ஏழு வாளி, நிதானமாக விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். வடிகால் இருந்தால்தான் இது பலிக்கும். மழைக்காலத்தில் இந்த வேலையை வானமே செய்துவிடும்.

உப்பு வந்து சேரும் இரண்டு மறைமுக வழிகளையும் பாருங்கள். ஆர்.ஓ. மிஷினின் கழிவு நீரில் குழாய்த் தண்ணீரைவிட உப்பு அதிகம், செடிக்கு ஊற்றாதீர்கள். கழுவாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். மண்ணில் கலக்குமுன் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கேட் ஓரச் செடி மட்டும் ஒரு பக்கமாகக் கருகுகிறது

மண்ணில் தேட வேண்டாம், தெருநாய். தினமும் ஒரே இடத்தில் கால் தூக்கும். கருகல் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள், தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் விட்டு அலசி, முனையில் செடிக்குப் பதிலாக முழங்கால் உயரக் கல்லோ மண்தொட்டியோ வையுங்கள். நாய் அதைப் பிடித்துக்கொள்ளும், செடி பிழைக்கும்.

தண்டைத் தொட்டால் ஆடுகிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். ஆனி கடைசியில் நட்ட செம்பருத்தி எம்மாத்திரம்? செடி ஆடும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடித்த மயிரிழை வேர்கள் அறுந்துவிடும். மாதக்கணக்கில் கொழுந்தே விடாமல் நிற்கும் செடியில் இதைச் சோதியுங்கள். வேர்ப்பந்துக்கு வெளியே சாய்வாக ஒரு மூங்கில் குச்சி அடித்து, பருத்தித் துணிக் கிழிசலை எட்டு வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றி மண்ணை உள்ளங்கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்காதீர்கள். மூன்று மாதத்தில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டை அறுக்கும்.

தண்டின் அடி கறுத்து மெத்தென்று இருக்கிறது

ஆழமாக நட்டதன் பலன். கவரில் மண் எந்த மட்டம் வரை இருந்ததோ, பாத்தியிலும் அதே மட்டம். புது மண் அமுங்கும் என்பதால் ஓரங்குலம் மேடாகவே வைக்கலாம். சன்ஷேடிலிருந்து மழைநீர் கொட்டி மண்ணை அடித்துத் தண்டின்மேல் சேர்ப்பதையும் கவனியுங்கள். மூடாக்கு இலை தண்டில் படாமல் மூன்று விரல் தள்ளியிருக்க வேண்டும். கறுப்பு தண்டைச் சுற்றி முழு வளையமாகிவிட்டால் செடி பிழைக்காது. மேல்பகுதியில் பதியன் குச்சி வெட்டிக்கொண்டு எடுத்துவிடுங்கள்.

மொட்டு உதிர்கிறது, அல்லது மொட்டே இல்லை

நட்ட முதல் மாதம் செம்பருத்தி மொட்டை உதிர்த்தால் நல்லதே; நீங்களே கிள்ளியும் விடலாம். அதன்பிறகும் உதிர்ந்தால் ஒரு மொட்டைப் பிளந்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். இமைமுடி அளவில் ஓடுவது இலைப்பேன். வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். பூச்சி இல்லையென்றால், நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாக ஊற்றும் பழக்கம்தான் காரணம்.

இட்லிப்பூ நுனியில் பூப்பது. 'ஷேப்' வேண்டுமென்று மாதம் ஒருமுறை கத்தரித்தால் வருகிற மொட்டையெல்லாம் நீங்களே வெட்டுகிறீர்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்தவுடன் வெட்டுங்கள், அத்தோடு விடுங்கள். தினம் ஐந்து மணி நேர வெயில் இல்லாத இடத்தில் இலைதான் வரும்.

கொழுந்தில் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையும் இருக்கும். பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. மோசமான நுனியை வெட்டிப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள், பாத்தியிலேயே போடாதீர்கள். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை ஒரு மி.லி. சோப்புக் கரைசலோடு குலுக்கி, சாயங்காலம் அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

கடுமையான பூச்சிமருந்து அடிக்கத் தோன்றினால் ஒன்றை நினைவில் வையுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியது. எந்த மருந்துக்கும் சரியாக அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. பூச்சிக் கூட்டத்தில் பழுப்பாக உப்பிக் காய்ந்த கூடுகள் தெரிந்தால் குளவி ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மருந்து அடித்து அதைக் கொல்லாதீர்கள்.

ஒரே இரவில் இலை காணோம்

நந்தியாவட்டையிலோ அரளியிலோ என்றால் தரையைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய கறுப்புப் புழுக்கை சிதறியிருந்தால், நேர்மேலே விரல் தடிமனில் பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். வாலில் ஒரு கொம்பு, தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி. பயமுறுத்தும், கடிக்காது. கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் முடிந்தது.

இலையில் ஓட்டைகளும் பளபளப்பான கோடும் இருந்தால் நத்தை. மழைக்காலத்து இரவில் நனைந்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை வையுங்கள். காலையில் அங்கே கூடியிருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவினால் நத்தையோடு செடியும் போகும். நுனியெல்லாம் பிய்த்தெடுத்த மாதிரி ஒரே உயரத்தில் போயிருந்தால் ஆடு, கேட்டைச் சாத்துங்கள்.

கனகாம்பரம் குட்டையாகவே நிற்கிறது

ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். வேரோடு வேராகப் பாசி கோத்த மாதிரி முடிச்சுகள், தேய்த்தாலும் உதிராமல் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. நாற்றோடு வந்திருக்கும். அந்தச் செடிகளை மண்ணோடு எடுத்துவிட்டு, இடத்தில் சதுர அடிக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, மூன்று நான்கு மாதம் துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாக வளருங்கள். அதன் வேர்ச்சத்து நூற்புழுவை ஒடுக்கும். அதே குழியில் உடனே கனகாம்பரம் நட்டால் கதை திரும்பும்.

மறுபடி பெயர்த்து நட வேண்டியிருந்தால்

அக்னி நட்சத்திரத்தில் தொடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் செய்தால் வேர் பிடிக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். கொல்லையிலிருக்கும் பழைய செடியானால் 15 நாள் முன்பே தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாக மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி மூடிவையுங்கள். வெட்டிய இடத்தில் புது வேர் கிளம்பியிருக்கும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, சாயங்காலம் தோண்டி, பந்தைச் சாக்கில் தூக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் பந்து உடையும். குழி பந்தைவிட இரு மடங்கு அகலம், ஆழம் மட்டும் பந்தளவு. பாதி மண் போட்டுத் தண்ணீர் விட்டு அமுக்கியபின் மீதியைப் போடுங்கள்.

எட்டடிப் பாத்தியில் செம்பருத்தி ஒன்றே ஒன்று, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. குட்டை இட்லிப்பூ ஒன்றரை அடிக்கு ஒன்று. கல்வாழைக் கிழங்கு இரண்டு அங்குல ஆழத்தில், முளை மேல்பார்த்து. ரெயின் லில்லிக் கிழங்கை நான்கு விரல் இடைவெளியில் கழுத்து மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிய ஊன்றுங்கள். நட்டதும் இலையெல்லாம் படுத்துவிடும், வெட்டாமல் விடுங்கள். முதல் நல்ல மழை பெய்த சில நாளில் மொட்டு வரும்.